பதிமூன்றாவது புகார்

"கொலை இல்ல, கொள்ளை இல்ல, ஆள் கடத்தல்கூட இல்ல. ஒரு புத்தகத்துல யாரோ கிறுக்கினதுக்கா அண்ணி, கோழி கூவுறதுக்கு முன்னாடி என்னை எழுப்பி வண்டி ஏத்தினீங்க?"

கிலுக்கு அலுத்துக்கொண்டான். அவனுடைய முழுப் பட்டப்பெயர் கிலுகிலுப்பை. ஆட்டாவிட்டாலும் சத்தம் போடுகிறவன் என்பதால் வீட்டார் வைத்தது. அவசரத்துக்குக் கிலுக்கு.

அண்ணி கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டாள். அவனுடைய அண்ணன் மனைவி அவள். தபால் இலாகாவில், முகவரி விளங்காத கடிதங்களைப் பிரித்துப் படித்து உரியவரிடம் சேர்க்கும் பிரிவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள். கோழிக் கிறுக்கலையும் தலைகீழாகப் பிடித்துப் படித்துவிடுவாள். வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தபோது, வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கத் தெரியாத கொழுந்தனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டாள். "ஜனங்க அவன்கிட்ட எரிச்சல்பட்டு உண்மையைச் சொல்லிடுறாங்க" என்பது அவள் கட்சி.

இருவரும் உட்கார்ந்திருந்தது ஒரு குட்டி ரயில் நிலையத்தின் காத்திருப்போர் அறையில். ஒரு நீள பெஞ்சு, ஒரு விசிறி, ஒரு எடை மெஷின், சுவரில் ஒரு கடிகாரம். கால அட்டவணைப் பலகையில் இரண்டே வரி. காலையில் போவது 9.20, மாலையில் திரும்புவது 16.10. மற்ற வண்டிகள் எல்லாம் இந்த ஊரைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் பறந்துவிடும்.

எதிரே ஸ்டேஷன் மாஸ்டர் நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தும் கறுப்புக் கோட்டின் எல்லாப் பொத்தான்களையும் போட்டிருந்தார். டிக்கெட் கொடுப்பது, வாங்குவது, கொடி காட்டுவது, பெஞ்சைத் துடைப்பது எல்லாம் அவர் ஒருவரே. மார்போடு அணைத்திருந்த தடிமனான புத்தகத்தை, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல அண்ணியிடம் நீட்டினார்.

"புகார்ப் புத்தகம்மா. முப்பத்தோரு வருஷம் இந்த ஸ்டேஷன்ல இருக்கேன். முப்பத்தோரு வருஷமும் இது வெள்ளையா இருந்துச்சு. நாலு மாசத்துல பன்னிரண்டு புகார்!" நீட்டிய புத்தகத்தின் அட்டையை ஒரு முறை தடவினார். "இன்னிக்குப் பதினாறு பத்துல மேலதிகாரி வர்றார். இதை விசாரிக்கத்தான் வருவாரு, வேற எதுக்கு வரப்போறாரு? அதுக்குள்ள எழுதினது யாருன்னு தெரிஞ்சாகணும். எவனோ வேணும்னே பண்றான்னு அவர்கிட்ட நிரூபிக்கணும்."

"இந்த ஊருல எதுக்கு சார் ரயில் நின்னுச்சு முதல்ல?" என்றான் கிலுக்கு. "சுத்திப் பாத்தா எனக்கு ஒரு காரணமும் தெரியலையே."

ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மலர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். தண்டவாளத்தின் ஓரம், நான்கு இரும்புக் கால்களில் ஒரு பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டி நின்றது.

"அதோ, அதுதான் காரணம். கரி இன்ஜின் காலத்துல வண்டி இங்க வந்துதான் தண்ணி குடிக்கும். அது குடிச்சு முடிக்கப் பதினோரு நிமிஷம். அந்தப் பதினோரு நிமிஷத்துல ஜனங்க ஏறவும் இறங்கவும் ஆரம்பிச்சாங்க. அப்புறம்தான் ஸ்டேஷன்னு ஒரு பலகையே மாட்டினாங்க."

"இப்ப இன்ஜினுக்குத் தாகமே கிடையாதே சார்?"

"இன்ஜினுக்கு இல்ல. ஊருக்கு இருக்கே தம்பி!" என்று சொல்லிவிட்டு, ஒலித்த தொலைபேசியை எடுக்க அவர் அறைக்குள் ஓடினார். ஓடும்போது அறைக் கதவு 'கிரீ...ச்' என்று ஊரைக் கூட்டியது.

"அதுதான் பன்னிரண்டாவது புகார்," என்று உள்ளேயிருந்தே கத்தினார். "கதவுக்கு எண்ணெய் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி மூணு வாரம் ஆச்சு. இன்னும் வரல. அது ஒண்ணுதான் நிலுவை!"

அண்ணி புத்தகத்தைப் பிரித்தாள். இடது பக்கம் புகார், வலது பக்கம் முத்து முத்தான எழுத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் பதில். கிலுக்கு தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

"குழாய் சொட்டுகிறது. கையெழுத்து, ஒரு முழங்கால் வலிக்காரர். சரி. விசிறி சுற்றுவதைவிட முனகுவது அதிகம். கையெழுத்து, உண்மை விளம்பி. சரி... அய்யோ, இதைக் கேளுங்க அண்ணி! ஐந்தாவது புகார். 'ஸ்டேஷன் மாஸ்டர் எதைக் கேட்டாலும் ம் என்கிறார். அது சரி என்ற ம்மா, வேண்டாம் என்ற ம்மா, காதிலேயே விழவில்லை என்ற ம்மா என்பது விளங்கவில்லை.'"

"பதில் என்ன எழுதியிருக்கார்?"

"'மதிப்பிற்குரிய பயணி அவர்களுக்கு. தங்கள் குறை நியாயமானது. இனி முழு வாக்கியத்தில் பதில் அளிக்கப்படும்.'" கிலுக்கு சிரித்துச் சிரித்துப் பெஞ்சில் சாய்ந்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். "ஆனா கேஸ் முடிஞ்சுது அண்ணி. பன்னிரண்டு புகார், பன்னிரண்டு கையெழுத்து, பன்னிரண்டு ஆளு. கிளம்பலாமா?"

"பன்னிரண்டு சட்டை. போட்டுக்கிட்ட ஆள் ஒண்ணு," என்றாள் அண்ணி. "சாய்ச்சு எழுதியிருக்கு, நிமிர்த்தி எழுதியிருக்கு, இடது கையாலகூட எழுதியிருக்கு. ஆனா ஒவ்வொரு புகாரும் முடிஞ்சதும் ஒரு புள்ளி வெச்சு, அதைப் பேனாவால ரெண்டாவது தடவை அழுத்தியிருக்கு பாரு. சண்டையில கடைசி வார்த்தை தன்னோடதா இருக்கணும்னு நினைக்கிற ஆளு."

கிலுக்கு ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். பார்த்தவன் விசிலடித்தான்.

"அந்த ஆளை நான் புடிச்சுட்டேன் அண்ணி. வாங்க."

நிலையத்தின் வாசலில் ஒரு மினிபஸ் நின்றது. அதன் நிழலில் தொப்பையும் துண்டுமாக ஒருவர் நாளிதழை மடித்து வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காதில் ஒரு பேனா, கையில் ஒரு பேனா.

"ரெண்டு பேனா!" என்று கிலுக்கு அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். "ரயில் நின்னா யாருக்கு நஷ்டம்? பஸ்காரனுக்கு. புகார் மேல புகார் போட்டு ஸ்டேஷனுக்கு மூடுவிழா நடத்தப் பாக்குறான்."

அதே வேகத்தில் போய் மினிபஸ் முதலாளியின் முன்னால் நின்றான். "எல்லாம் தெரிஞ்சுபோச்சு. ஒழுங்கா ஒத்துக்கிட்டீங்கன்னா உங்களுக்கு நல்லது."

மினிபஸ் முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒத்துக்கிறேன். இடமிருந்து வலம் ஏழு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"ரயில் நின்னுபோனா உங்க பஸ்ஸுக்குக் கூட்டம் வரும்ல?"

"எங்கேருந்து வரும்?" முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் பஸ் போறது இங்கேருந்து சுத்துப்பட்டு அஞ்சு ஊருக்கு. ரயில்ல வந்து இறங்குறவங்களை ஏத்திக்கிட்டுப் போறதுதான் என் பொழைப்பே. ஸ்டேஷனை மூடினா பஸ்ஸுல நானும் டிரைவரும்தான் எதிரும் புதிருமா உக்காந்துக்கணும். டிரைவரும் நானேதான்."

கிலுக்குவின் முகம் காற்றுப் போன டயர் மாதிரி ஆனது. அண்ணி இப்போதுதான் வாய் திறந்தாள்.

"ஸ்டேஷனை மூடப்போறாங்கன்னு நாங்க சொல்லவே இல்லையே. நீங்களாத்தானே சொல்றீங்க?"

முதலாளி நாளிதழை மடித்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"பாவம், மாஸ்டருக்குத் தெரியாதும்மா. நான் எப்படிச் சொல்ல? நாலு மாசத்துக்கு முன்னாடி ரயில்வே ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டாங்க. வண்டி நிக்கிறதை எடுத்துடப்போறோம், நகரத்துக்கு மாற்று பஸ் விடுவியான்னு கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன். வழியில ஆத்துத் தரைப்பாலம் இருக்கு. மழை வந்தா மூணு மாசம் தண்ணிக்குள்ள. அப்போ பஸ் நின்னுபோகும். ரயில் நின்னு போகும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றான் கிலுக்கு.

"சேத்துச் சொல்லிப் பாரு, பிரிச்சுச் சொல்லிப் பாரு, தெரியும். வாரத்துல ரெண்டு நாள் சிறுநீரக ஆஸ்பத்திரிக்குப் போறவங்க மட்டும் நாலு பேரு இருக்காங்க. அவங்க என்ன நீந்தியா போவாங்க?" முதலாளி பெருமூச்சு விட்டார். "உத்தரவு அப்பவே தயாரா இருந்துச்சு, நானே கண்ணால பாத்தேன். ஏன் இன்னும் வரலன்னுதான் புரியல."

அண்ணி திரும்பி நிலையத்துக்குள் வேகமாக நடந்தாள். அவள் நடை வேகமானால் மண்டைக்குள் ஏதோ கொதிக்கிறது என்று அர்த்தம். கிலுக்கு பின்னாலேயே ஓடினான்.

பெஞ்சில் உட்கார்ந்தவள், மதியம் தாண்டும்வரை புத்தகத்தின் தேதிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"முதல் புகார் எழுதி நாலு மாசம். உத்தரவு தயாராகியும் நாலு மாசம். இதைக் கவனி கிலுக்கு. முதல் புகாருக்கு மாஸ்டர் பதில் எழுதி 'குறை தீர்ந்தது'ன்னு கையெழுத்துப் போட்ட அன்னிக்கு சாயங்காலமே ரெண்டாவது புகார். அது தீர்ந்த அன்னிக்கே மூணாவது. பன்னிரண்டும் இப்படித்தான். ஒரு நாள்கூடப் புத்தகம் சும்மா இல்ல."

"விடாக்கண்டன்!"

"காவல்காரன்," என்றாள் அண்ணி. புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டையின் உள்பக்கத்தைப் பார்த்தாள். பழுப்பேறிய தாளில், எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் விதிகள் அச்சிட்டிருந்தன. யாரும் படிக்கக் கூடாது என்பதற்காகவே அச்சிட்டது போல இருந்தது. அண்ணிக்கு அதெல்லாம் தினசரிச் சாப்பாடு. நாற்பத்தேழாவது விதியில் விரல் நின்றது.

"'எந்த நிலையத்தின் புகார்ப் புத்தகத்தில் பயணியின் குறை தீராமல் நிலுவையில் உள்ளதோ, அந்நிலையத்தில் வண்டி நிற்பதை, அக்குறை தீரும்வரை நிறுத்தலாகாது.'"

"நிற்பதை நிறுத்தலாகாது... இலக்கணப் பரீட்சையில கேட்ட மாதிரி இருக்கு." கிலுக்கு தலையைச் சொறிந்தான். சொறிந்த கை பாதியில் நின்றது. "அண்ணி! அப்படின்னா புகார் எழுதினவன் ஸ்டேஷனுக்கு எதிரி இல்ல!"

"இந்த ஸ்டேஷனுக்கு அவங்களை விட்டா வேற சொந்தமே கிடையாது. ஒவ்வொரு புகாரும் ஒரு முட்டுக்கொடுப்பு. அதை எடுத்தா கூரை விழும். சரி, யாருன்னு பாப்போம். எல்லாப் புகார்லயும் 'பதினாறு பத்து வண்டியில் வந்து இறங்கியபோது'ன்னு இருக்கு. நீ எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு உங்க அண்ணனைக் கேட்டா என்ன சொல்வார்?"

"சாயங்காலம் நாலு பத்துக்குன்னு சொல்வார்."

"பதினாறு பத்துன்னு யார் சொல்வாங்க?"

"ரயில்வேக்காரங்க. ஆனா இங்க இருக்கிற ஒரே ரயில்வே ஆளு..." கிலுக்கு மாஸ்டரின் அறைப் பக்கம் பயத்தோடு பார்த்தான். "தூக்கத்துல எழுதுறாரா?"

"ஏழாவது புகாரைப் படி."

கிலுக்கு படித்தான். "'கொடி காட்டும் அதிகாரி, கோட்டுக்குள்ளே மூன்றாவது பொத்தான் அறுந்த சட்டை அணிந்திருக்கிறார். இது ரயில்வேயின் கௌரவத்துக்கு இழுக்கு.' பதில்: 'பணி நேரத்தில் கோட்டைக் கழற்றியதே இல்லை. பயணி எங்ஙனம் பார்த்தார் என்பது விளங்கவில்லை. எனினும் பொத்தான் தைக்கப்பட்டுவிட்டது.'"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவருமே ஜன்னலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஓட்டுக் கூரைக் குடியிருப்பைப் பார்த்தார்கள். கொடியில் வெள்ளைச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அருகே போனபோது தெரிந்தது, அதன் மூன்றாவது பொத்தான் மட்டும் நீல நூலில் தைத்திருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தபோது அவள் கையில் கரண்டி இருந்தது. அண்ணியின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

"உள்ள வாங்க. அவருக்குச் சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"எதை வெச்சும்மா கண்டுபிடிச்சீங்க?"

"மூணாவது பொத்தான்," என்றாள் அண்ணி.

"அய்யய்யோ!" அந்த அம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கு இருந்த கோபத்துல எழுதிட்டேன். தைக்கக் கொடுங்கன்னு ஒரு மாசமாச் சொல்றேன், மனுஷன் சட்டையைக் கழட்டித் தந்தாத்தானே?"

ஒரு முக்கால் மணி நேரத்தில் கதை முழுவதும் வெளியே வந்தது. அவளுடைய அப்பா சரக்கு வண்டியில் கார்டாக இருந்தவர். மணியைப் பதினாறு, பதினேழு என்று எண்ணியே வளர்ந்தவள் அவள். தாலாட்டுக்குப் பதிலாக ரயில்வே விதிகளைக் கேட்டுத் தூங்கியவள். நான்கு மாதத்துக்கு முன்னால், கணவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்டி நிறுத்தத்தை ரத்து செய்யப் போவதாக முன்னறிவிப்பு. படித்தாள், மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள், அவர் எழுந்து வேலைக்குப் போன முதல் நாளே குழாய் சொட்டுவதாகப் புகார் எழுதினாள்.

"சும்மா எழுதலம்மா. பயணச்சீட்டு இருக்கிறவங்கதான் எழுதலாம்னு விதி. ஒவ்வொரு தடவையும் சீட்டு வாங்கி, அடுத்த ஊர்ல இருக்கிற எங்க அக்காவைப் பாத்துட்டு வந்துதான் எழுதினேன். அவரே அவர் கையால கொடுத்த சீட்டு."

"அவர்கிட்டயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?" என்றான் கிலுக்கு.

"சொன்னா எழுத விடுவாரா? விதின்னா விதி, பொய் கூடாதும்பார். நான் எழுதினதுல ஒண்ணுகூடப் பொய் இல்ல தம்பி. அதையும் சொல்லிடறேன்." கோபமாக ஆரம்பித்த முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. "முப்பது வருஷமா வாயால சொன்னேன். ஒரு 'ம்' வரும். எழுதிக் கொடுத்தேன், மூணாம் நாள் பதில் வருது. 'மதிப்பிற்குரிய'ன்னு ஆரம்பிச்சு, 'தங்கள் குறை நியாயமானது'ன்னு எழுதறார். எனக்கு அவர் எழுதின முதல் கடிதமே அதுதான். அவர் தூங்கினப்புறம் ரெண்டு தடவை படிப்பேன்."

அண்ணி மணியைப் பார்த்தாள்.

"பன்னிரண்டாவது நிலுவையில இருக்கு. இன்னிக்கு அதிகாரி எதைக் கொண்டுவந்தாலும் செல்லாது. கவலைப்படாதீங்க."

"அதான் எண்ணெயில கை வெச்சேன். தலைமை அலுவலகத்துல எண்ணெய் அனுப்ப எப்படியும் ஒரு வருஷம் ஆகும்," என்று பெருமையோடு எழுந்து அடுப்பு மேடைக்குப் போனாள். "இருங்க, வாயில போட்டுக்க ஏதாவது பொரிச்சுத்..."

பேச்சு நின்றது. மேடையில் பாட்டில் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு பிசுக்குத் தடம் மட்டும் இருந்தது.

"எண்ணெய் பாட்டிலைக் காணோமே," என்றாள்.

கிலுக்கு எழுந்தே விட்டான். "அண்ணி, இதுக்குத் துப்பறியணுமா?"

மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக் கதவு பட்டுப்போலத் திறந்தது. சத்தம் இல்லை, முனகல் இல்லை. உள்ளே அவர் கோட்டின் கையை மேலே ஏற்றிக்கொண்டு, எண்ணெய் வழியும் விரல்களோடு வெற்றி வீரனைப் போல நின்றார்.

"எப்படி? தலைமை அலுவலகம் என்ன பெரிய தலைமை அலுவலகம்! நானே முடிச்சுட்டேன். எங்கேம்மா புத்தகம்? குடுங்க, 'குறை தீர்ந்தது'ன்னு எழுதணும். அதிகாரி வரும்போது ஒரு குறைகூட நிலுவையில இருக்கக் கூடாது."

"எழுதாதீங்க!" என்று மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன.

"கதவு சரியாயிடுச்சே. சரியான குறையைத் தீரலைன்னு எப்படி வெச்சிருக்கிறது? அது பொய்யில்ல?"

அண்ணி நாற்பத்தேழாவது விதியைக் காட்டினாள். அவருடைய மனைவி, மாவு படிந்த கடிதத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். அவர் படித்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு புத்தகத்தை ஒன்றாம் பக்கத்திலிருந்து புரட்டினார். முழங்கால் வலிக்காரர், உண்மை விளம்பி, வெளியூர்ப் பயணி. ஏழாவது புகாரில் நின்று, குனிந்து தன் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பன்னிரண்டும் நீயா?"

"நான்தான்."

"நான் முணுமுணுக்கிற பாட்டுல ரெண்டாவது அடி எனக்குத் தெரியலன்னு எழுதினது?"

"அதுவும்தான். தெரியலையே உங்களுக்கு."

அவர் புத்தகத்தை மூடினார். வாயில் வழக்கமான 'ம்' வந்தது. பாதியில் அதை விழுங்கிவிட்டு, முழு வாக்கியத்தில் சொன்னார்:

"நீ தனியா இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்கே, எனக்குத் தெரியாமப் போச்சு."

அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடிகாரம் 15.48 காட்டியது.

"இன்னொரு புகார் எழுதிடறேன்," என்று பேனாவை எடுத்தாள்.

"கூடாது." ஸ்டேஷன் மாஸ்டர் புத்தகத்தின் மேல் கை வைத்தார். "தெரியாம இருந்தவரை அது பயணி புகார். தெரிஞ்சும் என் வீட்டுக்காரி எழுதுறதை நான் பதிஞ்சா அது சூழ்ச்சி. ஸ்டேஷனே போனாலும் அதைப் பண்ண மாட்டேன்." பன்னிரண்டாவது புகாருக்கு நேரே 'குறை தீர்ந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"நான் எழுதலாம்ல?" என்றான் கிலுக்கு. "நான் பயணி. திரும்பிப் போக என்கிட்ட டிக்கெட் இருக்கு."

"தாராளமா எழுதலாம். ஆனா உண்மையான குறையா இருக்கணும்."

"அதுக்கென்ன, குறை சொல்றது எனக்குப் பிறவிக் கலை!"

கிலுக்கு பாய்ந்தான். குழாயைத் திறந்து மூடினான். ஒரு சொட்டு விழவில்லை. விசிறியைப் போட்டான். தென்றல். பெஞ்சில் உட்கார்ந்து நெளிந்தான். ஆணி குத்தவில்லை. கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டான். தன்னுடையதுதான் தப்பு. கடைசியாக எடை மெஷினில் ஏறினான்.

"இதோ! எடையைக் கூட்டிக் காட்டுது!"

"அது மெஷினோட குறை இல்ல," என்றாள் அண்ணி.

கிலுக்கு தலையில் கை வைத்துக்கொண்டான். "நாலு மாசமா எல்லாத்தையும் சரி பண்ணித் தொலைச்சிருக்கீங்களே சார்! குறை சொல்ல ஒரு இடம் வெச்சீங்களா?"

தூரத்தில் வண்டி கூவியது.

பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் விறைப்பாக நின்றார். ஒரு கையில் பச்சைக் கொடி. மறு கையில் ஒரு மர முக்காலி. அந்த பிளாட்பாரம் இன்ஜினுக்குத் தண்ணீர் காட்டுவதற்காகப் போட்டது. வண்டியின் கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே இடுப்புயரம் இருந்தது. உள்ளூர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து குதித்துப் பழகிவிட்டதால் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. வெளியூர்க்காரர் யார் இறங்கினாலும், அவர் கால் வெளியே வருவதற்கு முன்பே முக்காலி படிக்குக் கீழே போய்விடும். காலையில் அண்ணிக்கும் கிலுக்குவுக்கும் அப்படித்தான் போனது.

வண்டி நின்றது. இரண்டாவது பெட்டியின் கதவில் அதிகாரி தோன்றினார். கையில் தோல் பை, மூக்கில் கண்ணாடி, கண்ணுக்கு நேரே ஒரு காகிதம். காகிதத்தைப் படித்துக்கொண்டே ஒரு காலை வெளியே வைத்தார்.

முக்காலி ஸ்டேஷன் மாஸ்டரின் கையிலேயே இருந்தது.

அதிகாரி இறங்கினார் என்று சொல்ல முடியாது, வந்து சேர்ந்தார். பை ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், நடுவில் அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்த நிலையில். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காற்சட்டையின் பின்பக்கத் தையல் 'டர்ர்ர்' என்று கிழிந்த சத்தம் இன்ஜின் டிரைவருக்கே கேட்டது.

"இது என்னய்யா பிளாட்பாரமா, பாதாளமா?" தூக்கிவிட வந்த கிலுக்குவின் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். பின்பக்கத்தைப் பையால் மறைத்துக்கொண்டார். "இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஸ்டேஷனைப் பாத்ததில்ல! புகார்ப் புத்தகம் எங்கே? கொண்டா அதை!"

"பயணச்சீட்டோ பாஸோ இருந்தால்தான் எழுத முடியும், ஐயா," என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் மிகுந்த பணிவோடு.

"என்கிட்டயேவா?" அதிகாரி பாஸை எடுத்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டினார். அந்த அம்மாள் புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அண்ணி பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தாள். அதிகாரி நின்றபடியே ஒரு முழுப் பக்கம் எழுதினார். பிளாட்பாரம் உயர்த்தப்பட வேண்டும் என்று முடித்து, கோபத்தில் கையெழுத்தைத் தாள் கிழிய இழுத்தார்.

"பதிமூணாவது," என்று கிலுக்கு முணுமுணுத்தான்.

வண்டி புறப்பட்டுப் போனது. அதிகாரி மூச்சு வாங்கிக்கொண்டு, தோல் பையிலிருந்து ஒரு நீளக் கடித உறையை எடுத்தார். "நான் வந்த வேலை இது. 'புகார் நிலுவை'ன்னு குமாஸ்தாக்கள் நாலு மாசமா முடக்கி வெச்சிருந்ததை நானே எடுத்துக்கிட்டு வந்தேன். நாளையிலிருந்து இங்கே வண்டி நிக்காது. வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் உறையைத் தொடவில்லை. புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பி, அவர் முன்னால் பிடித்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு முன்பக்கத்தைப் புரட்டித் தன் கையெழுத்தைத் தானே பார்த்தார்.

"இந்தப் புகாரை நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"திரும்ப வாங்க விதி இல்லீங்க ஐயா. தீர்க்கத்தான் விதி."

"பிளாட்பாரத்தை உயர்த்தணும்னா கட்டுமானப் பிரிவுக்கு எழுதணுமே!"

"ஆமாங்க ஐயா. இன்னிக்கே எழுதறேன். அவங்க எவ்வளவு சுறுசுறுப்புன்னு ஐயாவுக்கே தெரியும்."

அதிகாரிக்கு நன்றாகத் தெரியும். அளவு எடுக்க ஆள் வந்ததே எட்டு மாதம் கழித்துத்தான். வரைபடம், அதில் திருத்தம், திருத்தத்துக்கு ஒப்புதல் என்று காகிதம் மேலும் கீழும் போய்வந்து, கல்லும் மணலும் வந்து இறங்க மூன்று வருடம் ஆனது. புது பிளாட்பாரம் கட்டிய பிறகு, இவ்வளவு பெரிய பிளாட்பாரத்தில் வண்டி நிற்காவிட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, ரத்து உத்தரவை அவர்களே கிழித்துப் போட்டார்கள். அதெல்லாம் பிறகு. அன்று மாலை அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான்.

"அம்மா," என்றார், குரல் இறங்கி. "ஊசி நூல் இருக்குமா?"

"நீல நூல்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்றாள் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி.

வண்டியைத் தவற விட்டதால் அண்ணியும் கிலுக்குவும் நகரம்வரை வாடகை பேசிய மினிபஸ்ஸில்தான் திரும்பினார்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் இல்லாத காலம். பஸ்ஸில் இவர்கள் இருவர், ஓட்டுவது முதலாளி. பாலத்தைத் தாண்டும்வரை கிலுக்கு பேசவே இல்லை. முதலாளிக்கே பயமாகி, கண்ணாடியில் இரண்டு முறை அவனைப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணி," என்றான் கடைசியில். "முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள்கூட அந்த முக்காலியை வைக்க மறக்காத மனுஷன். இன்னிக்கு மறந்துட்டாரா? இல்ல..."

அண்ணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதட்டோரம் மட்டும் லேசாகச் சுருங்கியது.

"பன்னிரண்டு புகாரை எழுதினது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டாங்க கிலுக்கு. பதிமூணாவதைப் பத்தி யாரும் கேக்கல."